மெயினுக்கு முன்னால் ஒரு லைன்

அவளுக்கு நரம்பு டாக்டர் என்று பெயர் வைத்தவர்கள் லாரிக்காரர்கள். வண்டிக்குள் ஓடும் வயர்களை அவர்கள் நரம்பு என்பார்கள். அந்த நரம்பைத் தொட்டுப் பார்த்து நோய் சொல்கிறவள் டாக்டர்தானே. நாளடைவில் அவள் டாக்டரக்கா ஆகிவிட்டாள். வேடிக்கைக்குச் சொன்னதை போர்டு எழுத வந்த பெயிண்டர் நிஜம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். அவள் வெளியே போயிருந்த நேரத்தில் ஷெட்டின் தகரக் கதவில் ‘நரம்பு டாக்டர்’ என்று ஆள் உயரத்துக்கு எழுதி முடித்தார். ‘லாரி, பஸ், வேன்’ என்று அதன் கீழே எழுத இடம் போதவில்லை.

அடுத்த வாரமே ஒரு பெரியவர் கைத்தடியோடு வந்து சேர்ந்தார். இரண்டு லாரிகளுக்கு நடுவே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, தன் முறை வரட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார். கால் மரத்துப் போகிறதாம். அவள் கையில் புகைந்துகொண்டிருந்த சால்டரிங் கம்பியைப் பார்த்த பிறகுதான் அவருக்குக் கொஞ்சம் சந்தேகம் தட்டியது.

“ஏம்மா, ஊசியே இவ்வளவு பெருசா இருக்குமா?”

அவள் சிரிக்கவில்லை. கம்பியைக் கீழே வைத்துவிட்டு அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். எத்தனை காலமாக இப்படி இருக்கிறது, எந்தக் கால், எந்த நேரத்தில் என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு பக்கத்து ஷெட்டிலிருந்து தன் கணவனைக் கூப்பிட்டு, அவரை பைக்கில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தாள். மறுநாள் காலையில் முதல் வேலையாக, போர்டின் ஓரத்தில் தன் கையாலேயே ஒரு லாரியை வரைந்தாள். அது லாரி மாதிரி இல்லை, நனைந்த எருமை மாதிரி இருக்கிறது என்று கணவன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கணவன் டிங்கர். அடிபட்ட வண்டிகளின் தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிப்பவன். இரண்டு ஷெட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தகரச் சுவர். அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம், இந்தப் பக்கம் சால்டரிங் புகை. “உடம்பு என் பொறுப்பு, உயிரு அவ பொறுப்பு” என்று வருகிறவர்களிடமெல்லாம் அவன் பெருமையடித்துக்கொள்வான். அவள் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டுதான் சொல்வான். அவளுக்கும் விழாத மாதிரி இருக்கத் தெரியும்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்த வழி கொஞ்சம் சுற்று வழி. கல்யாணத்துக்கு முன்னால் கார்களுக்கு வயர் கட்டு தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். கதவளவு பலகை, அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு வயரையும் அதற்குரிய ஆணிகளைச் சுற்றி இழுத்து, கிளை பிரித்து, கட்டாகக் கட்டி, பலகையிலிருந்து ஒரு மரத்தைப் பிடுங்குவது போல மொத்தமாக உருவி எடுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. பெண்களெல்லாம் கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது இவள் மட்டும், இந்தக் கட்டு எந்த வண்டிக்குப் போகும், எந்த விளக்கை எரிய வைக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பாள். கல்யாணமாகி வந்து டிங்கரின் ஷெட்டில் உடைந்து கிடந்த வண்டிகளைப் பார்த்தபோது, முதன்முதலாகத் தன் மரங்களை நட்டிருந்த இடத்தை அவள் பார்த்தாள். அங்கிருந்து சுவருக்கு இந்தப் பக்கம் வர அவளுக்கு அதிக காலம் பிடிக்கவில்லை.

அவள் வேலையைப் பார்த்துக்கொண்டு நிற்பதே ஒரு சுகம். ஒரு இணைப்பைப் போட்டு முடித்ததும் அதைப் பிடித்து நன்றாக ஒரு இழு இழுப்பாள். “இப்பவே வந்தா என் கையில வரட்டும். பாதி வழியில டிரைவர் கையில வரக் கூடாது” என்பாள். வயர்களின் இரு முனையிலும் நகப்பூச்சால் நிற அடையாளம் வைப்பாள். அலமாரியில் வரிசையாக சிவப்பு, ஊதா, ரோஜா, பச்சை என்று குட்டிக் குட்டிக் குப்பிகள் நிற்கும். நகத்தில் ஒரு நாளும் பூசியதில்லை. “நகப்பூச்சு கடைக்காரன் இவளைப் பெரிய மினுக்கின்னு நினைச்சிட்டிருப்பான், பாவம்” என்பான் டிங்கர்.

அவளிடம் மாற்ற முடியாத சட்டம் ஒன்று உண்டு. பேட்டரியிலிருந்து புறப்படும் எதுவாக இருந்தாலும் மெயின் சுவிட்சுக்குள் புகுந்துதான் வெளியே வர வேண்டும். மெயினை அணைத்தால் வண்டி முழுக்கச் செத்துப்போக வேண்டும். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு லாரி இருக்கிறது. யாரோ ஒரு மெக்கானிக், பாட்டுப் பெட்டிக்காக மெயினைத் தொடாமல் பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்துவிட்டிருந்தான். இந்த மாதிரி லைனை ஷெட்டுகளில் திருட்டு லைன் என்பார்கள். ஃப்யூஸ் கூட வைக்கவில்லை. மெயினை அணைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், ஆளில்லாத மைதானத்தில், அந்த லாரி தானாகவே எரிந்தது. உடம்பில் தட்டி நிமிர்த்த எதுவும் மிச்சமில்லாமல் அது டிங்கரின் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து திருட்டு லைன் என்ற பேச்சை எடுத்தாலே அவள் முகம் சுருங்கிவிடும்.

இப்படிப்பட்டவளிடம்தான் ஒரு காலையில் ஒரு டிரைவர் தன் வீட்டு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அவர் தூரப் பயண பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயதுக்கு மீறிய சுறுசுறுப்பு. காலமெல்லாம் யார் யாரையோ எங்கெங்கோ கொண்டுபோய் விட்டவருக்கு, தன் மனைவியை ஒரு இடத்துக்கும் கூட்டிப்போகவில்லையே என்று குறை. அதனால் பழைய மினி பஸ் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, டிங்கரிடம் சொல்லிக் கட்டில், அலமாரி, மடக்கு மேஜை, சின்னச் சமையல் மேடை எல்லாம் வைத்திருந்தார். கட்டிலுக்கு அடியில், காற்றுப் போக வழி வைத்த பெட்டிக்குள், வீட்டுக்கென்றே தனி பேட்டரி. மெயின் சுவிட்ச் மட்டும் டிரைவர் சீட்டுக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, அவளிடம் ஏற்கெனவே வைத்தும் வாங்கிவிட்டார். இப்போது வந்தது போன் சார்ஜ் போடுகிற யூஎஸ்பி பாயின்டுகளுக்காக.

“டாக்டரம்மா, இங்க ரெண்டு, அங்க ரெண்டு, மேஜைக்குப் பக்கத்துல ரெண்டு போட்டுடு.”

“எதுக்குண்ணே இத்தனை? உங்ககிட்ட இருக்கறது பட்டன் போன். ஒரு தடவை சார்ஜ் ஏத்தினா ஒரு வாரம் வரும்.”

“விருந்தாளி வந்தா?”

“ஓடற வண்டிக்கு விருந்தாளி எப்படிண்ணே வருவான்? துரத்திட்டா?”

தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்று, டிங்கரின் சிரிப்பு கேட்டது. டிரைவரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. வண்டிப் படியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பேசுகிறவர்களின் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். டாக்டரக்கா அவளுக்கு எதிரே போய், முகம் தெரிகிற மாதிரி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணி, உங்களுக்கு எங்க வேணும்?”

அண்ணி கைப்பையைத் திறந்து சோப்புப் பெட்டி அளவில் ஒரு வெள்ளை டப்பாவை எடுத்தாள். இரண்டு காதிலும் மாட்டியிருந்த மெஷினைத் தொட்டுக் காட்டினாள். “பகல் பூரா இது என் காதுல இருக்கும். ராத்திரி இதுக்குள்ள வைக்கணும். இது கரண்ட் குடிச்சாத்தான் காலைல எனக்குக் காது. தலைமாட்டுல ஒண்ணே ஒண்ணு போடும்மா. அது போதும்.”

அவ்வளவு சொன்னவள், பிறகு மெல்ல மற்றதையும் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். போன இடத்தில் மின்சாரம் இல்லை. மறுநாள் மெஷின் ஊமையாகிவிட்டது. வந்தவர் போனவர் எல்லோரிடமும் அவள் தலையாட்டிச் சிரித்துச் சமாளித்தாள். ஒரு பெண் வந்து கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஏதோ சொன்னாள். “ரொம்ப சந்தோஷம், ரொம்ப சந்தோஷம்” என்றாள் இவள். அந்தப் பெண் சொன்னது தன் மகன் ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிற விஷயத்தை.

“அந்தப் பொண்ணு என்னைப் பாத்த பார்வை இருக்கே…” என்று நிறுத்திக்கொண்டாள். “அதுலேர்ந்து நான் எங்கயும் போறதில்ல. இவர் ஆசையா வண்டி கட்டிட்டார். வேணாம்னு சொல்ல மனசு வரல. அதான் இவர்கிட்ட ஒண்ணு சொல்லியிருக்கேன். நம்ம வாசல்லயே வண்டியை நிறுத்தி ஒரு ராத்திரி அதுல தூங்குவோம். காலைல மெஷின் பேசினா வரேன். பேசலேன்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்க, நான் வீட்டோட இருக்கேன்னு.”

டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தனியாகப் போவதற்கா மனிதர் கட்டில் போட்டார்?

டாக்டரக்கா அன்றைக்கு மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்தாள். அண்ணியைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, கை இயல்பாக எங்கே போகிறதோ அந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டாள். பலகையில் துளை போட்டு, பன்னிரண்டு வோல்ட்டை வாங்கி ஐந்து வோல்ட்டாகக் கொடுக்கும் பாயின்டைப் பொருத்தினாள். கடையில் கிடைத்ததெல்லாம் நீல விளக்கு எரிகிற ரகம். தூங்குகிறவள் கண்ணில் குத்தும் என்று தேடிப்பிடித்து, விளக்கில்லாத, மூடி போட்ட இரட்டைத் துளைப் பாயின்ட் ஒன்றை வாங்கியிருந்தாள். வயர் கட்டிலுக்கு அடியில் பேட்டரியிலிருந்து புறப்பட்டு, டிரைவர் சீட்டுவரை போய், மெயினுக்குள் நுழைந்து, ஃப்யூஸ் பெட்டி வழியாகத் திரும்பத் தலைமாட்டுக்கே வந்தது. “இங்க இருக்கற பேட்டரிலேர்ந்து இங்க இருக்கற பாயின்டுக்கு வர ஊரைச் சுத்தி வருதே!” என்றான் எட்டிப் பார்த்த டிங்கர். “சட்டம்னா சட்டம்தான்” என்றாள் அவள். ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்தாள். தன் போனைச் சொருகி, பாதி சார்ஜ் ஏறும்வரை அங்கேயே காத்திருந்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தாள்.

மறுநாள் காலை டிரைவரிடமிருந்து போன் வந்தது. குரலில் வெயில் கொதித்தது.

“ஏம்மா டாக்டரு, என்ன வேலை பாத்திருக்க? டப்பாவுல ஒரு சொட்டு சார்ஜ் கூட ஏறல. இவ எழுந்ததுலேர்ந்து வாயத் திறக்கல.”

அவள் ஓடினாள். தலைமாட்டுப் பாயின்டில் மீட்டரை வைத்தாள். ஐந்து வோல்ட் கல்லு மாதிரி நின்றது. டப்பாவைச் சொருகினாள், உடனே சார்ஜ் ஏறத் தொடங்கியது. ஒருவேளை டப்பாவின் வயர் கோளாறாக இருக்கலாம் என்று தன்னிடமிருந்த புது வயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். இன்னொரு ராத்திரி பார்ப்போம் என்று அண்ணி ஒப்புக்கொண்டாள். அந்த ராத்திரியும் டப்பா பட்டினி. வீட்டுச் சுவரில் சொருகினால் ஏறுகிறது. வண்டியில் பகலில் சொருகினால் ஏறுகிறது. ராத்திரி வண்டியில் மட்டும் ஏறவில்லை.

டாக்டரக்கா வண்டியை ஷெட்டுக்கு வரவழைத்து, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தாள். ஒரு இணைப்பு கூடத் தளரவில்லை. பேட்டரி கொழுகொழுவென்று இருந்தது. டிரைவர் பக்கத்திலேயே நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். “லாரிக்கு ஹாரன் வைக்கறது வேற, வீட்டுக்கு வயரிங் பண்றது வேற. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லிடணும்.” வேறு யாராவது சொல்லியிருந்தால் டிங்கர் சுத்தியலோடு வந்திருப்பான். மனிதரின் வருத்தம் புரிந்ததால் சும்மா இருந்தான். ஆனால் மனைவியைச் சீண்டாமல் இருக்க முடியவில்லை.

“உன் கரண்டும் ராத்திரியானா தூங்கிடுதோ என்னமோ. தட்டி எழுப்பிப் பாரேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. கோபத்தால் அல்ல. கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கட்டிலில் விரித்திருந்த தன் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள், வீட்டுக்கு எடுத்துப்போக. தலையணையையும் அதன் மேல் வைத்தாள். அவள் யாரையும் குறை சொல்லவில்லை. அதைப் பார்ப்பதுதான் டாக்டரக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது. இவ்வளவு நேரம் வண்டியையே நோண்டிக்கொண்டிருந்தோமே, ராத்திரியை நோண்டவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது.

“அண்ணே, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி என்னென்ன செய்வீங்க?”

“என்ன செய்வேன், பல் தேய்ப்பேன். கதவைத் தாழ் போடுவேன். திரையை இழுத்து விடுவேன். விளக்கை அணைப்பேன். படுப்பேன். வேற என்ன நாட்டியமா ஆடுவேன்?”

“வாயால சொல்ல வேணாம். இப்ப செஞ்சு காட்டுங்க.”

“பட்டப்பகல்லயா?”

“பட்டப்பகல்லதான். அண்ணி, நீங்களும் படுங்க. டப்பாவைச் சொருகிட்டுப் படுங்க. மெஷினை மட்டும் கழட்ட வேணாம், காதுலயே இருக்கட்டும்.”

டிங்கர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஜன்னலில் முகத்தை வைத்தான். “டிராமாவுக்கு டிக்கெட் உண்டா?” என்றான். டாக்டரக்கா தலைமாட்டுப் பாயின்டின் இன்னொரு துளையில் விரல் நீளத்தில் ஒரு குட்டி விளக்கைச் சொருகிவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர் வெட்கத்தோடு விரலால் பல் தேய்த்தார். வாய் கொப்பளித்தார். கதவைத் தாழ் போட்டார். இப்படியே இரண்டு அடி நடந்ததும் வெட்கம் போய்விட்டது, மனிதர் உண்மையாகவே தூங்கப் போகிறவர் ஆகிவிட்டார். கொட்டாவி கூட வந்தது. திரைகளை ஒவ்வொன்றாக இழுத்தார். விளக்கை அணைத்தார். இருட்டிய வண்டிக்குள் குட்டி விளக்கு மட்டும் எரிந்தது. படுக்கப் போகும் முன், முன்பக்கம் போய் டிரைவர் சீட்டின் மேல் குனிந்து, ஹேண்ட் பிரேக்கை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

குட்டி விளக்கு அணைந்தது.

அதே நொடியில் கட்டிலிலிருந்து அண்ணி எழுந்து உட்கார்ந்தாள். “டிக்குன்னு ஒரு சத்தம் கேட்டுதே, அது என்ன?”

எத்தனை ராத்திரி தூங்கியிருந்தாலும் அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்காது. அந்த நேரத்தில் அவள் காது டப்பாவுக்குள் அல்லவா இருக்கும்!

டாக்டரக்கா திரையை விலக்கினாள். டிரைவர் அப்படியே குனிந்த நிலையில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை ஹேண்ட் பிரேக்கில். இன்னொரு கை சீட்டுக்குக் கீழே, மெயின் சுவிட்சின் சிவப்புச் சாவியின் மேல்.

“நான் ஒண்ணையும் தொடலையேம்மா!” என்றார் அவர், சாவியைத் தொட்டுக்கொண்டே.

ஜன்னலில் டிங்கர் குலுங்கினான். “அண்ணே, அப்ப அது யார் கை? எனக்கு ரெண்டும் இங்கதான் இருக்கு.”

டிரைவர் தன் கையை எடுத்து, அது ஏதோ கடன் வாங்கின பொருள் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு தட்டுத்தடுமாறி விஷயம் வெளியே வந்தது. பஸ் டிப்போவில் அது சட்டம். வண்டியைவிட்டு இறங்குகிறவன் ஹேண்ட் பிரேக் போட்டு மெயினை அணைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். காலையில் ஏறியதும் முதலில் மெயின். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை ஒரு தடவை கூட மறந்ததில்லை. இப்போதும் தினமும் காலையில் மனைவிக்கு முன்னால் எழுந்து, சீட்டில் போய் உட்கார்ந்து வெளியே பார்க்கிறபோது கை தானாகவே மெயினைப் போட்டுவிடுகிறது. டாக்டரக்கா வந்து பார்க்கும்போது ஐந்து வோல்ட் கல்லு மாதிரி நிற்காமல் என்ன செய்யும்?

“உன்னைப் போய் என்னென்னமோ பேசிட்டேனேம்மா” என்றார். “இனிமே தொட்டா கேளு. கையைக் கட்டிலோட கட்டிப் போட்டுட்டுப் படுக்கறேன்.”

“ஆமா, அவிழ்க்கறது யாரு? எனக்குத்தான் காது கேக்காதே” என்றாள் அண்ணி. அவள் உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் போர்வையை மடித்த மடிப்பைப் பிரிக்கவில்லை. “சாவி மேல தப்பில்ல, வயர் மேல தப்பில்ல. சரி. ஆனா இவர் கை மேல நம்பிக்கை வச்சு நான் எப்படி வர்றது? தெரியாமச் செய்யற கை நாளைக்கும் தெரியாமத்தான செய்யும்?”

அது நியாயமான கேள்வி. டாக்டரக்கா இறங்கிப் போய், எருமை மாதிரி இருந்த அந்த லாரிப் படத்துக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றுகொண்டாள். தன் மேல் பழி இல்லை என்று ஆகிவிட்டது. வேறு ஒருத்தியாக இருந்தால், மெயினைத் தொடாதீங்க என்று ஒரு சீட்டு எழுதி சாவியில் ஒட்டிக் கை கழுவியிருப்பாள். ஆனால் அந்தக் கையை நினைத்தால் அவளுக்குக் கோபமே வரவில்லை. எத்தனை வண்டிகளை அந்தக் கை எரியாமல் காப்பாற்றியிருக்கும்! அவளே வருகிற டிரைவர்களுக்கெல்லாம் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுக்கிற பழக்கம்தான் அது. அதைப் போய் மறக்கச் சொல்வதா? அவரிடம் இருப்பது நல்ல பழக்கம். எல்லாவற்றையும் மெயினுக்குள் விடுவது என்ற அவளுடைய பழக்கமும் நல்ல பழக்கம். இரண்டும் சேர்ந்து ஒரு மனுஷியின் காதை அடைத்துவிட்டன. யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த வயதில் அவர் கை மாறாது.

எரிந்த லாரியும் கண்ணுக்கு முன்னால் வந்துதான் நின்றது. அவள் அதையும் நன்றாகவே பார்த்தாள். அந்த லாரியை எரித்தது மெயினுக்கு முன்னால் எடுத்த லைன் மட்டுமா? ஃப்யூஸ் இல்லாத லைன், கூர்த் தகரத்தில் உரசின லைன், யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்த லைன்.

திரும்பி வண்டிக்குள் ஏறினாள்.

“அண்ணே, நீங்க உங்க கையை ஒண்ணும் பண்ண வேணாம். அது பாட்டுக்கு மெயினை அணைக்கட்டும். எல்லாம் அணையணும். இது ஒண்ணு மட்டும் அணையக் கூடாது. நான் பேட்டரிலேர்ந்து நேரா ஒரு லைன் எடுக்கறேன்.”

டிங்கர் ஜன்னலிலிருந்து முகத்தை எடுத்தான். கேலி எல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது. “நீயா?” என்றான். “மெயினுக்கு முன்னாடியா? திருட்டு லைனா?”

“திருட்டு லைன் இல்ல. எல்லாருக்கும் தெரிஞ்சு, ஃப்யூஸ் வச்சு, பேர் எழுதி எடுக்கற லைன். அண்ணி, கொஞ்சம் எழுந்து கட்டிலைத் தூக்கவிடுங்க.”

இதற்கு முன் அவள் செய்த எந்த வேலையையும்விட அந்த ஒரு முழ நீள வயருக்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். பேட்டரி முனையிலிருந்து விரற்கடை தூரத்திலேயே சின்ன ஃப்யூஸ் ஒன்றை வைத்தாள். ஏதாவது தப்பு நடந்தால் வயர் சூடாகும் முன்பே அது உயிரை விட்டுவிடும். வயரைக் குழாய்க்குள் போட்டு, மரச் சட்டத்தோடு சேர்த்து, எங்கேயும் உரசாதபடி கிளிப் அடித்தாள். மெயினை அணைத்துவிட்டு, சும்மா இருக்கும்போது பாயின்ட் எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று மீட்டரில் அளந்தாள். இந்த பேட்டரிக்கு அது கொசுக்கடி. பெட்டி மூடியின் உள்பக்கம், ‘இந்த லைன் மெயினில் அணையாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். பின்னால் இந்த வண்டியைத் தொடப்போகிற, முகம் தெரியாத மெக்கானிக்குக்காக. கடைசியில் இணைப்புகளை இழுத்துப் பார்த்தாள். டிங்கரையும் கூப்பிட்டு இழுக்கச் சொன்னாள். அவன் சுத்தியல் பிடிக்கிற கையால் இழுத்தான். வரவில்லை.

“உடம்பு கூட இவ்வளவு கெட்டியா இல்ல” என்றான் மெதுவாக. அது கேலி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் வண்டி டிரைவர் வீட்டு வாசலுக்குப் போனது. டாக்டரக்கா வீட்டில் தட்டிலிருந்த சாப்பாட்டைச் சாப்பிடாமல் கிளறிக்கொண்டே இருந்தாள். காலையில் யாரும் போன் செய்யவில்லை. போன் வராதது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் ஷெட்டைத் திறந்து கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். பிறகு பொறுக்க முடியாமல் கிளம்பிப் போனாள்.

வாசலில் டிரைவர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் துணியாலேயே உள்ளே பார் என்று ஜாடை காட்டினார். கட்டிலின் மேல் போர்வை விரித்திருந்தது. அண்ணி கீழே மண்டியிட்டு, அலமாரியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள், முதுகு இவள் பக்கம் இருந்தது.

“அண்ணி” என்றாள் டாக்டரக்கா, வழக்கமாகப் பேசுகிற குரலில்.

அண்ணி திரும்பாமலே சொன்னாள். “வா, வா. அந்தப் பக்கத்துப் பெட்டியை எடுத்துக் குடு. இவர் ஒரு வாரம்னு சொல்றார். நான் ரெண்டு வாரத்துக்கு எடுத்து வைக்கறேன்.”

அவர்கள் போய்ச் சில நாட்கள் கழித்து, டாக்டரக்கா ஒரு லாரிக்கு அடியில் படுத்திருக்கும்போது போன் அடித்தது. டிரைவரின் எண். காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, “சொல்லுங்கண்ணே” என்றாள்.

“அண்ணன் இல்ல, நான்தான்” என்றது அண்ணியின் குரல்.

டாக்டரக்கா லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்தாள். அண்ணி யாரிடமும் போனில் பேசி அவள் பார்த்ததில்லை. “என்ன ஆச்சு அண்ணி? சார்ஜ் ஏறலையா?” என்று பதறினாள்.

“அதெல்லாம் ஏறுது. ஏன் பதறுற? இங்க ஒரு மரத்தடியில வண்டியை நிறுத்தியிருக்கோம். காலைலேர்ந்து பக்கத்துல தண்ணி ஓடற மாதிரி சத்தம். இவர்கிட்ட சொன்னா, தண்ணியுமில்ல ஒண்ணுமில்ல, உன் மெஷின்தான் இரையுதுங்கறார். எனக்கு எரிச்சல் வந்து இறங்கிப் போய்ப் பாத்தேன். புதருக்குப் பின்னாடி சின்னதா ஒரு ஓடை. இவரைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டினேன். காலை நனைச்சுக்கிட்டு உக்காந்திருக்கார், பேச்சே காணோம்.”

பின்னால் டிரைவர் ஏதோ சொல்வது கேட்டது.

“கிளம்பலாமாங்கறார்” என்றாள் அண்ணி. “நான் முடியாதுன்னுட்டேன். இன்னும் ரெண்டு நாள் இங்கதான்.”